மயங்கும் சொற்களைப் பிழையின்றி எழுத: ல-ள-ழ, ர-ற, ண-ன-ந முழுமையான வழிகாட்டி

"வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உணவு அழித்தனர்." இப்படி ஒரு வரியைத் தட்டச்சு செய்தால் கணினியின் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடாது. 'அழித்தனர்' தமிழில் உள்ள சொல். எழுத்துக்கூட்டலில் குறையே இல்லை. 'அளித்தனர்', அதாவது கொடுத்தார்கள் என்று சொல்ல வந்தவர் நாசம் செய்தார்கள் என்று எழுதிவிட்டார், அவ்வளவுதான். ஒன்றுபோல ஒலிக்கும் எழுத்துகளை மாற்றி எழுதும் இந்த மயங்கொலிப் பிழை இதனால்தான் மற்ற எழுத்துப்பிழைகளைவிட மோசமானது. இருக்க வேண்டிய சொல்லின் இடத்தில் இன்னொரு நல்ல சொல் வந்து உட்கார்ந்துகொள்வதால் யார் கண்ணிலும் எளிதில் படுவதில்லை.

மயங்கும் எழுத்துகள் எட்டு: ல, ள, ழ, ர, ற, ண, ன, ந. காதை நம்பி எழுதினால் இவை தப்பும். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ரகரமும் றகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. கன்னியாகுமரிப் பக்கம்தான் வேறுபாடு இன்னும் காதில் விழுகிறது. தென் மாவட்டங்களில் பழம் 'பளம்' ஆகிறது, பழைய சென்னைப் பேச்சில் யகரமாகிறது, யாழ்ப்பாணப் பேச்சிலும் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. காற்று 'காத்து', ஒன்று 'ஒண்ணு', கன்றுக்குட்டி 'கண்ணுக்குட்டி'. ஆகவே "நன்றாக உச்சரித்துப் பார்த்து எழுது" என்ற அறிவுரை பலருக்குப் பயன்படாது.

பள்ளியில் அலை-அளை-அழை, தலை-தளை-தழை என்று பட்டியல் மனப்பாடம் செய்ய வைப்பார்கள். தேர்வுக்கு அது போதும். எழுதிக்கொண்டிருக்கும்போது ஐயம் வந்தால், பட்டியல் நினைவுக்கு வந்தாலும் எந்தச் சொல்லுக்கு எது என்பது மறந்திருக்கும். அதைவிட உறுதியான வழி, சொல்லைச் சற்று அசைத்துப் பார்ப்பது: காலத்தை மாற்றுங்கள், வேற்றுமை உருபு சேருங்கள், இன்னொரு சொல்லோடு ஒட்டுங்கள். ஒளிந்திருக்கும் எழுத்து தானே வெளியே வரும்.

படி 1: மூன்று குடும்பங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

'பந்து, கன்று, வண்டு' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி முதலில் பல்லைத் தொடும். அடுத்து பல்லுக்கு மேலுள்ள ஈறைத் தொடும். மூன்றாவதில் பின்னோக்கி மடங்கி மேலண்ணத்தைத் தொடும். இந்த மூன்று இடங்களே மூன்று குடும்பங்கள்.

- பல்: த, ந
- ஈறு: ற, ன, ல
- மேலண்ணம்: ட, ண, ள

தந்நகரம் (ந), றன்னகரம் (ன), டண்ணகரம் (ண) என்று மூன்று எழுத்துகளுக்கும் பெயர் வைத்தவர்கள் இந்த உறவைத்தான் பெயரிலேயே பதித்தார்கள். 'ரெண்டு சுழி, மூணு சுழி' என்று சொல்லிக்கொடுப்பதைவிட இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பாதிப் பிழையைத் தாண்டிவிடுவார்கள்.

முதல் பலன் உடனே கிடைக்கும். த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன், ட-வுக்கு முன் ண். சந்தை, மன்றம், தண்டனை. தமிழ்ச் சொல்லுக்குள் 'ன்ட', 'ண்ற', 'ன்த' வராது. 'இன்டர்நெட்' போன்ற கடன் சொற்களில் ன்ட எழுதும் பழக்கம் இருக்கிறது, அது தனி.

ழகரமும் ரகரமும் இந்தக் குடும்பங்களுக்குள் மாறாமல் தனித்து நிற்பவை. மாறாமல் நிற்பதே அவற்றை அடையாளம் காட்டும்.

படி 2: சொல்லில் எங்கே வருகிறது என்று பாருங்கள்

சொல்லின் முதலில் மயங்கும் எழுத்துகளில் ந மட்டுமே தமிழில் இயல்பாக வரும். ல, ர இரண்டும் கடன் சொற்களில் வரும் (லாரி, ரயில்). ள, ழ, ற, ண, ன முதலில் வருவதில்லை. சொல்லின் கடைசியில் ற் நிற்காது. அங்கே ர் என ஒலித்தால் கண்ணை மூடிக்கொண்டு ரகரம் எழுதலாம். ந் என்பதும் இக்காலத் தமிழில் கடைசியில் வராது. ரகரமும் ழகரமும் இரட்டிக்கமாட்டா: ர்ர, ழ்ழ என்று எழுத நேர்ந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

படி 3: வினையை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கொல், கொள் இரண்டில் எது என்று ஐயமா? கொன்றான் என்றால் ல். கொண்டான் என்றால் ள். லகரம் தன் குடும்பத்து ன, ற ஆகவும், ளகரம் தன் குடும்பத்து ண, ட ஆகவும் மாறும். ழகரம் மாறாமல் நின்று பின்னால் 'ந்த' வாங்கும்.

- ல்: செல் – சென்றான், வெல் – வென்றான், முயல் – முயன்றான், அகல் – அகன்றான், கல் – கற்றான், வில் – விற்றான்
- ள்: ஆள் – ஆண்டான், புரள் – புரண்டான், நீள் – நீண்டது, வறள் – வறண்டது, கேள் – கேட்டான்
- ழ்: வாழ் – வாழ்ந்தான், வீழ் – வீழ்ந்தான், தவழ் – தவழ்ந்தது, இகழ் – இகழ்ந்தான்

ண, ன ஐயத்துக்கும் இதே சோதனைதான்: உண் – உண்டான், பூண் – பூண்டான், காண் – கண்டான், தின் – தின்றான், ஈன் – ஈன்றது, என் – என்றான்.

இதிலிருந்தே பிறவினையும் கிடைக்கும். உருண்டது, எனவே உருட்டு. திரண்டது, எனவே திரட்டு. மிரண்டது, எனவே மிரட்டு. ஆனால் சுழன்றது, எனவே சுழற்று. கழன்றது, எனவே கழற்று. பேச்சில் 'சட்டையைக் கழட்டு' என்கிறோம். எழுத்தில் கழற்று என்பதே முறை. 'பதட்டம்' என்பதும் இப்படிப் பேச்சிலிருந்து எழுத்துக்கு வந்ததுதான். பதறு என்பது வினை; மாறு – மாற்றம், ஏமாறு – ஏமாற்றம், தடுமாறு – தடுமாற்றம் என்ற வரிசையில் அது பதற்றம்.

இப்போது 'சி'யில் முடியும் பெயர்ச்சொற்களுக்கு வாருங்கள். முயற்சியா முயற்ச்சியா, வளர்ச்சியா வளற்சியா என்று தமிழ் எழுதுபவர்களில் பலர் தடுமாறும் இடம் இது. வேர்ச்சொல்லைப் பார்த்தால் ஐயமே மிஞ்சாது.

- ல் என்றால் ற்சி: முயல் – முயற்சி, பயில் – பயிற்சி, சுழல் – சுழற்சி
- ள் என்றால் ட்சி: ஆள் – ஆட்சி, மீள் – மீட்சி, புரள் – புரட்சி, வறள் – வறட்சி
- ர் என்றால் ர்ச்சி: வளர் – வளர்ச்சி, உணர் – உணர்ச்சி, தொடர் – தொடர்ச்சி, அதிர் – அதிர்ச்சி, தேர் – தேர்ச்சி
- ழ் என்றால் ழ்ச்சி: மகிழ் – மகிழ்ச்சி, நிகழ் – நிகழ்ச்சி, சூழ் – சூழ்ச்சி, வீழ் – வீழ்ச்சி

முதல் இரண்டு வரிசையில் ச் இல்லை, பின்னிரண்டில் இருக்கிறது. காரணம் எளியது. ற், ட் இரண்டும் வல்லின மெய்கள். அவற்றின் பின் இன்னொரு மெய் நிற்காது. ய், ர், ழ் மூன்றின் பின் மட்டும் இன்னொரு மெய் நிற்க முடியும். எனவே அதற்கு, எதற்காக, வருவதற்கு, விற்பனை, ஏற்பாடு, நட்பு, கேட்க என்றுதான் எழுத வேண்டும். 'அதற்க்கு', 'விற்ப்பனை', 'நட்ப்பு', 'கேட்க்க' எல்லாம் பிழை. மறுபக்கம் தீர்ப்பு, சேர்க்கை, வாழ்க்கை, காய்ச்சல் ஆகியவற்றில் இரட்டிப்பு வேண்டும். இயற்கை என்பதில் ஒரே க ஏன், வாழ்க்கையில் இரண்டு ஏன் என்பதற்கும் இதுவே விடை: முன்னது இயல், பின்னது வாழ்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனை மெய்யில் முடியும் வினைகளுக்குத்தான். அளி, அழி, அழை, அலை, விளை, விழை போல உயிரில் முடிபவை இறந்தகாலத்தில் மாறமாட்டா. அளித்தான், அழித்தான் என்று அப்படியே நிற்கும். அவற்றுக்குப் படி 7.

படி 4: பெயர்ச்சொல் என்றால் இன்னொரு சொல்லோடு ஒட்டுங்கள்

கடல், கடற்கரை. சொல், சொற்பொருள். கல், கற்சிலை. இவை லகரம். முள், முட்செடி. வாள், வாட்போர். பொருள், பொருட்காட்சி. இவை ளகரம். தமிழ்ச்சங்கம், புகழ்ச்சி என ஒட்டும்போது மாறாமல் ஒற்று மட்டும் மிகுந்தால் ழகரம். நன்னூல் சொல்லும் புணர்ச்சி விதிதான் இது. இலக்கணம் படிக்காதவரும் தினம் இதன்படிதான் பேசுகிறார்.

பின்னால் மெல்லினம் வந்தால் ல் என்பது ன் ஆகும், ள் என்பது ண் ஆகும். நல்ல – நன்மை, மெல்ல – மென்மை, தொல் – தொன்மை. வெள்ளை – வெண்மை. இது ஒரு பழைய குழப்பத்தையும் தீர்க்கிறது. வன்மை, வண்மை இரண்டில் வலிமை எது, கொடை எது? வல்லவனுடையது வன்மை, வள்ளலுடையது வண்மை. அதேபோல் எள் + நெய் எண்ணெய், வெள் + நெய் வெண்ணெய். எள் இருப்பதால் ண, நெய் இருப்பதால் ணெய். 'எண்ணை' என்று எழுதினால் நெய் காணாமல் போய்விடுகிறது.

படி 5: ரகரமா றகரமா? 'இல்' சேர்த்துப் பாருங்கள்

பல ஊர்களில் மதில்மேல் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள்: "சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்." சுவர் என்பது ர் என்று முடியும் சொல். ஊர் – ஊரில், மோர் – மோரில், சுவர் – சுவரில். 'சுவற்றில்' என்பது சரியாக வேண்டுமானால் அந்தச் சொல் 'சுவறு' என்றிருக்க வேண்டும். று என முடியும் சொற்கள்தாம் இரட்டிக்கும்: ஆறு – ஆற்றில், வயிறு – வயிற்றில், கயிறு – கயிற்றில், கிணறு – கிணற்றில், சோறு – சோற்றில். ரு என முடிந்தால் இடையில் வ் வரும்: தெரு – தெருவில், எரு – எருவில்.

பேச்சில் 'த்த' வரும் இடங்களிலும் இப்படியே வேரைத் தேடுங்கள். 'மாத்து', 'ஏத்து', 'ஆத்துல' என்பவற்றின் வேர் மாறு, ஏறு, ஆறு. ஆகவே மாற்று, ஏற்று, ஆற்றில். 'பாத்து', 'சேத்து', 'தீத்து' என்பவற்றின் வேர் பார், சேர், தீர். ஆகவே பார்த்து, சேர்த்து, தீர்த்து. 'பாற்த்து' என்று இரண்டையும் கலந்து எழுதுவது இந்த வேரைப் பார்க்காததால் வரும் பிழை.

ரகர றகர இணைகளில் எழுத்தில் அதிகம் தவறுபவை சில. இவற்றைத் தனித்தனிச் சொல்லாகப் பார்க்காமல், ஒவ்வொன்றையும் அதன் உறவுச் சொல்லோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

பொறு என்பதிலிருந்து பொறுமை, பொறுப்பு, பொறுத்துக்கொள், 'என்னைப் பொறுத்தவரை'. பொருந்து என்பதிலிருந்து பொருத்தம், பொருத்து, பொருத்தமான. 'பொருப்பு' என்றால் மலை. 'பொருப்பாசிரியர்' என்று அச்சிட்டால் மலைக்கு ஆசிரியர் என்று ஆகிவிடும்.

இரங்கு – இரக்கம் – இரங்கல். இறங்கு – இறக்கம். இறந்தவருக்காக நடத்துவதால் 'இறங்கல் கூட்டம்' என்று எழுதுவோர் உண்டு. மனம் இரங்குவதால் அது இரங்கல் கூட்டம். இறப்பில் ற, இரங்கலில் ர. இந்த ஒன்று சுவரொட்டிகளிலும் நினைவு அஞ்சலிகளிலும் வருவது, குடும்பத்தார் பார்வையில் படுவது. கூடுதல் கவனம் தேவை.

நிறை, நிறைவு, நிறைய என்பவற்றில் ற. ஆனால் நிரம்பு, நிரப்பு இரண்டிலும் ர. பொருள் ஒன்றுபோலத் தோன்றுவதால் 'படிவத்தை நிறப்பவும்' என்று எழுதிவிடுவார்கள். நிரப்பவும் என்பதே சரி.

அக்கறை என்பது ஈடுபாடு. அக்கரை என்பது அந்தக் கரை. கரை வேட்டி கட்சிக்காரர் உடுத்துவது. கறை வேட்டி சலவைக்குப் போக வேண்டியது. வறுத்த கடலை தின்னலாம், 'வருத்த' கடலை கிடையாது. நாய் குரைக்கும், விலையைக் குறைக்கலாம். தலையணைக்கும் தயிருக்கும் உறை, மேடையில் உரை. கல்லை எறியலாம், விளக்கு எரியும். அரிசியை அரைக்கலாம், கன்னத்தில் அறையலாம். கூரை வீட்டுக்கு மேலே இருப்பது. கூறை மணமகள் உடுத்தும் புடவை. அரிவதால் அரிவாள், அறிவாள் என்றால் அவள் தெரிந்துகொள்வாள். பொரி அவலோடு சேர்வது, பொறி எலியைப் பிடிப்பது.

வடமொழியிலிருந்து வந்த சொற்களில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வருவது எப்போதும் ரகரம்: காரணம், சூரியன், தைரியம், அபாரம். க, ச, ப ஆகியவற்றுக்கு முன்னால் மட்டும் சில சொற்களில் ற் வரும்: அற்புதம், உற்சவம், உற்பத்தி, கற்பனை, கற்பூரம்.

படி 6: ணகரமா னகரமா நகரமா?

தமிழ்ச் சொல் என்றால் படி 3, படி 4 பெரும்பாலும் போதும். வடசொல் என்றால் ஓர் அழகான விதி இருக்கிறது. தெரிந்தவர் குறைவு, பலனோ பெரிது.

சொல்லுக்குள் ர அல்லது ஷ (தமிழில் ட்ச, க்க என்று வந்திருந்தாலும்) முன்னால் இருந்து, பின்னால் நகர ஒலி வந்தால் அது ண: காரணம், மரணம், உதாரணம், புராணம், உபகரணம், பட்சணம், இலக்கணம், கிருஷ்ணன். இடையில் க, ப, ம, ய, வ வந்தாலும் ண மாறாது: கிரகணம், சமர்ப்பணம், பிரமாணம், பிரயாணம், நிர்வாணம். ஆனால் இடையில் த, ச, ட இனத்து எழுத்து குறுக்கிட்டால் ண வராது, ன வரும்: தரிசனம், அர்ச்சனை, பிரார்த்தனை, ஆராதனை, பிரதானம், பரிவர்த்தனை. இராமாயணத்தில் ண, இரசாயனத்தில் ன. ஏன்? முன்னதில் இடையே மகரமும் யகரமும்தான். பின்னதில் சகரம் குறுக்கே நிற்கிறது.

ரகரமும் ஷகரமும் இல்லாத வடசொல்லில் பெரும்பாலும் ன: வாகனம், ஆசனம், ஞானம், விமானம், வசனம், தியானம், சந்தனம். விதிக்கு வெளியே இயல்பாகவே ண உள்ளவை கொஞ்சம்தான். மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: குணம், கணிதம், கல்யாணம், வீணை, கோணம், வணிகம், வாணம். வாணம் என்பது விண்ணில் ஏறி வெடிப்பது. வானத்தில் நடப்பதால் 'வானவேடிக்கை' என்று பலர் எழுதுகிறார்கள். வாணவேடிக்கை என்பதே சரி. சூரியன், அரசன் என்பவற்றின் ன் தமிழ் விகுதி. அதற்கு இந்த விதி பொருந்தாது.

கனம் என்றால் எடை, கணம் என்றால் நொடி. மனம் உள்ளம், மணம் வாசனையும் திருமணமும். 'திருமன அழைப்பிதழ்' அச்சாகி வந்தபின் திருத்த முடியாது. மெய்ப்பு பார்க்கும்போதே பிடித்துவிடுங்கள்.

தந்நகரத்துக்கு நான்கே இடங்கள்: சொல்லின் முதல், த-வுக்கு முன், ந்ந என்ற இரட்டிப்பு, இரண்டு சொல் சேரும் பொருத்து. தனி ந நடுவில் தெரிந்தால் அங்கே ஒரு பொருத்து இருக்கிறது என்று பொருள்: தேநீர் (தே + நீர்), திருநாள், பொதுநலம், விநாயகர் (வி + நாயகர்), அநியாயம் (அ + நியாயம்). ஒட்டிப் பார்த்து எழுதினால் 'வினாயகர்', 'அனியாயம்' வராது.

நீர் என்பதோடு என்ன சேர்கிறது என்று பாருங்கள். தண் + நீர் தண்ணீர். வெம்மையான நீர் வெந்நீர், 'வென்னீர்' பிழை. மூன்று நூறு முந்நூறு, ஐந்து நூறு ஐந்நூறு. மூன்று நாள் முந்நாள். பதவியில் முன்பு இருந்தவர் முன்னாள் அமைச்சர். எதிரே நிற்பவர் முன்னால் நிற்கிறார்.

'நர்' விகுதியையும் இங்கேயே முடித்துவிடலாம். ஓட்டுநர், நடத்துநர், இயக்குநர், அனுப்புநர், பெறுநர், வல்லுநர். திரைப்படத் தலைப்புகளில் 'இயக்குனர்' பெருகிவிட்டது. அதைப் பார்த்து எழுத வேண்டாம்.

படி 7: விதிக்குள் வராதவற்றை இணை வாக்கியமாக மனத்தில் பதியுங்கள்

உயிரில் முடியும் வினைகளும் தனிப் பெயர்களும் எந்தச் சோதனைக்கும் அசையாது. இவற்றுக்குப் பட்டியலைவிட, இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் வருமாறு அமைத்துக்கொள்வது நிற்கும்.

விருந்து அளித்தார், பகையை அழித்தார். வானொலி ஒலிபரப்பும், தொலைக்காட்சி ஒளிபரப்பும், ஊழலை ஒழிக்கலாம். காலை வேளையில் வேலை தொடங்கும். வலி உடம்பில், வழி தெருவில், வளி காற்றில். விலை சந்தையில், விளைச்சல் வயலில், விழைவு மனத்தில். கலை மேடையில், களை வயலில். இழைத்தவர் தச்சர், இளைத்தவர் நோயாளி. 'தவறு இழைத்தான்' என்பதும் தச்சர் பக்கத்து ழகரமே. கொளுத்தும் வெயிலில் கொழுத்த ஆடு. மூளை மண்டையில், மூலை அறையில். திணை குறிஞ்சியும் முல்லையும், தினை தின்னும் தானியம். முகம் சுளிக்கலாம், ஆற்றில் இருப்பது சுழி. பளு தூக்கலாம். தாழ்ப்பாளில் முதலில் ழ, கடைசியில் ள.

இரண்டு வடிவமும் அகராதியில் இடம்பெற்றவையும் உண்டு: பவளம், பவழம், மங்கலம், மங்களம், உளுந்து, உழுந்து, கருப்பு, கறுப்பு. இவற்றில் யாரையும் திருத்தப் போகவேண்டாம். ஒரு கட்டுரைக்குள் ஒரே வடிவத்தைக் கடைசிவரை பிடித்தால் போதும். நாட்கள், நாள்கள் என்ற நெடுநாள் சண்டையிலும் அப்படியே. நாங்கள் எழுதுவது 'நாள்கள்', ஏனென்றால் பார்த்தவுடன் மூலச்சொல் தெரிகிறது.

படி 8: தட்டச்சிலும் மெய்ப்பிலும் செய்ய வேண்டியவை

ஆங்கில ஒலியை வைத்துத் தட்டும் விசைப்பலகைகள் பெரும்பாலானவற்றில் சிறிய எல் ல, பெரிய எல் ள, இசட் ழ. சிறிய ஆர் ர, பெரிய ஆர் ற. சிறிய என் ன, பெரிய என் ண, டபிள்யூ ந. பெரிய எழுத்துக்கான விசையை விரல் தவறவிட்டால் ள லகரமாகும், ற ரகரமாகும், ண னகரமாகும். உங்கள் பிழைகள் எல்லாம் இந்த ஒரே திசையில் இருந்தால், அறியாமை காரணமில்லை, விரல்தான் காரணம். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி விசை இருப்பதால் இந்த வகைத் தவறு வெகுவாகக் குறையும். கைப்பேசி, சொல்லை ஊகித்து நிரப்பும்போது பலம், பழம், பாலம் மூன்றையும் வரிசையாகக் காட்டும். முதலில் நிற்பதைத் தொட்டுவிட்டு நகராதீர்கள்.

எழுதி முடித்ததும் ஆவணத்தில் தேடல் வசதியைத் திறந்து இந்த எழுத்துத் தொடர்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்: ற்க், ற்ச், ற்ப், ட்க், ட்ச், ட்ப். 'ஸ்விட்ச்' போன்ற கடன் சொல் தவிர எது அகப்பட்டாலும் அது பிழைதான். அடுத்து சுவற், வென்னீர், குனர், லுனர், பொருப்ப, நிறப்ப, இறங்கல், அக்கரை, அழித்த, முன்னால் என்று தேடுங்கள். கடைசி நான்கும் சரியான சொற்களாகவும் இருக்கலாம். வாக்கியத்தைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் அடிக்கடி தவறும் சொற்களை இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இருபது சொல்லுக்கு மேல் போகாது. ஒருவர் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகள் அவ்வளவுதான் இருக்கும்.

அதன்பின் கடைசிப் பத்தியிலிருந்து முதல் பத்திக்கு, பத்தி பத்தியாகப் பின்னோக்கிப் படியுங்கள். கருத்தோட்டம் அறுபடுவதால் கண் சொல்லில் நிற்கும். ஐயம் தீராத சொல்லைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேடும்போது மூன்று வடிவத்தையும் போட்டுப் பாருங்கள். சொல் அங்கே இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் பொருளையும் படியுங்கள், ஏனென்றால் மூன்றுமே அங்கே இருக்கக்கூடும். இணையத்தில் எத்தனை பேர் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்வது ஆபத்து. பிழையான வடிவம் பெரும்பான்மை பெற்ற சொற்கள் நிறைய.

ஆட்பெயர்களில் மட்டும் மேலே சொன்ன எதையும் செலுத்தாதீர்கள். ஒருவர் தம் பெயரை ஒரு னகரத்தோடு எழுதினால், இலக்கணப்படி ணகரம் வர வேண்டியதாக இருந்தாலும், அவர் எழுதுகிறபடியே அச்சிட வேண்டும். அழைப்பிதழோ சான்றிதழோ என்றால் அவரிடமே கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.